வண்டிகளுக்கு மூடப்பட்ட பழைய இரும்புப் பாலத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

ரயிலில் பெரிய ஆறு ஒன்றைக் கடக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கும் இரும்புச் சட்டங்கள் அடுத்தடுத்து ஓடி மறைவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். முக்கோணம் முக்கோணமாகக் கோத்த அந்தச் சட்டகத்தைப் பொறியாளர்கள் டிரஸ் என்கிறார்கள். அமெரிக்காவின் நாட்டுப்புறச் சாலைகளில் இதே வகைப் பாலங்கள், ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. எஞ்சியவற்றில் பல, இரு முனைகளிலும் தடுப்பு வைத்து மூடப்பட்டுவிட்டன. அந்தப் பாலங்கள் ஏன் மூடப்படுகின்றன, மூடிய பின் அவற்றுள் சில மட்டும் எப்படிப் பிழைக்கின்றன என்பதை, பொறியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் முக்கோணத்தின் பலத்தைப் பார்க்கலாம். நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்து, மூலைக்கு ஓர் ஆணி மட்டும் அடித்துவிட்டு, ஒரு பக்கத்தைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து போய்விடும். மூன்று குச்சிகளை அவ்வாறே கோத்தால் எவ்வளவு தள்ளினாலும், குச்சியோ ஆணியோ முறியாத வரையில், வடிவம் மாறாது. இந்த ஒரு பண்பின்மேல்தான் டிரஸ் பாலம் முழுவதும் நிற்கிறது. பாலத்தின் மேல் வண்டி ஏறும்போது அதன் பாரம் சட்டங்களை வளைப்பதில்லை. ஒவ்வொரு சட்டமும் நீளவாக்கில் இழுக்கப்படுகிறது அல்லது நீளவாக்கில் அமுக்கப்படுகிறது. ஆகவே எந்தச் சட்டம் எந்த விசையைத் தாங்குகிறது என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டு, தேவையான அளவு இரும்பை மட்டும் அந்தந்த இடத்தில் வைத்தால் போதுமானது.

தாமஸ் பிராட், கேலப் பிராட் என்னும் மகனும் தந்தையும் 1844இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். இதில் நிமிர்ந்த சட்டங்கள் அமுக்கத்தையும் சாய்ந்த சட்டங்கள் இழுப்பையும் தாங்குகின்றன. அமுக்கப்படும் சட்டம் நீளமாகவும் மெலிந்தும் இருந்தால் பிதுங்கி வளைந்துவிடும் என்பதால், அதைப் பெட்டி போலக் கனமாகச் செய்ய வேண்டும். இழுக்கப்படும் சட்டமோ வெறும் கம்பியாகவோ தட்டைப் பட்டையாகவோ இருக்கலாம். பிராட் முறையில் நீளம் குறைந்த நிமிர்ந்த சட்டங்கள் கனமாகவும், நீளம் மிகுந்த சாய்சட்டங்கள் மெலிதாகவும் அமைகின்றன. இரும்பு மிச்சமாயிற்று, ஆகவே கிராமத்துச் சாலைகளில் இந்த முறை வேகமாகப் பரவியது.

இனி, இந்தப் பாலங்களின் பிழைப்புக்கே காரணமான ஒரு செய்திக்கு வருவோம். இவை ஆற்றங்கரையில் உருவாக்கப்பட்டவை அல்ல. கிளீவ்லாந்தில் இருந்த கிங் அயர்ன் பிரிட்ஜ் கம்பெனி, கேன்டனில் இருந்த ராட் அயர்ன் பிரிட்ஜ் கம்பெனி போன்ற ஒஹாயோ மாநிலத் தொழிற்சாலைகள் பாலங்களை விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றன. கவுன்டி எனப்படும் உள்ளாட்சி நிர்வாகத்தைத் தேடி விற்பனையாளர்கள் வருவார்கள். ஆற்றின் அகலத்தைச் சொன்னால் அதற்கேற்ற பாலத்துக்கு விலை சொல்வார்கள். பாகங்கள் தொழிற்சாலையில் வெட்டப்பட்டு, துளையிடப்பட்டு, ரயிலில் அருகிலுள்ள நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் ஆற்றங்கரைக்குப் போகும். ஆற்றுக்குள் மரச்சாரம் கட்டி, அதன்மேல் பாகங்களைக் கோத்து, மூட்டுக்கு மூட்டு ஒரு தடித்த இரும்பு முளையைச் செருகி, இரு பக்கமும் மறை (நட்) போட்டு முடுக்கிவிட்டுச் சாரத்தைப் பிரித்தால் பாலம் நின்றுவிடும்.

இந்த மூட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அடிச்சட்டம் என்பது ஒரே நீண்ட உத்திரம் அன்று. இரு முனைகளும் வட்டமாக அகன்று, நடுவில் துளையுள்ள தட்டைப் பட்டைகள் இரண்டிரண்டாக அடுத்தடுத்து வரும். நிமிர்ந்த சட்டத்தின் கால், சாய்சட்டத்தின் முனை, இந்தப் பட்டைகளின் துளைகள் எல்லாவற்றையும் அந்த ஒரே முளை ஊடுருவிச் செல்லும். வெல்டிங் எங்கும் இருக்காது. பெட்டி போன்ற சட்டங்களின் தகடுகளை மட்டும் தொழிற்சாலையிலேயே ரிவெட் என்னும் தலையுள்ள ஆணிகளை அடித்துச் சேர்த்திருப்பார்கள். முளையைத் தட்டி எடுத்தால் பாலம் மறுபடி பாகங்களாகப் பிரிந்துவிடும். பிரித்து வேறிடத்தில் பூட்டுவது அந்தக் காலத்திலேயே வழக்கமாக இருந்தது. ஒஹாயோவின் டோவர் நகரில் டஸ்கராவஸ் ஆற்றின் குறுக்கே 1868இல் கட்டிய பாலத்தின் ஒரு கண் (இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதி), 1905இல் பிரித்தெடுக்கப்பட்டு, ஸோர்வில் என்ற சிற்றூரின் அருகே கானட்டன் ஓடையின்மேல் பூட்டப்பட்டது. பெரிய சாலைக்குப் போதாமற் போன பாலத்தைச் சின்னச் சாலைக்கு அனுப்புவதை அன்றைய அதிகாரிகள் சிக்கனம் என்று மட்டுமே நினைத்திருப்பார்கள். இன்று அதே வேலைக்கு வரலாற்றுப் பாதுகாப்பு என்று பெயர்.

இவ்வளவு நன்றாகக் கட்டிய பாலத்தை ஏன் மூட வேண்டும்? பாரம்தான் முதற்காரணம். குதிரை வண்டிகளையும் மாட்டு மந்தைகளையும், அதிகம் போனால் நீராவியால் ஓடும் கதிரடிக்கும் எந்திரத்தையும் மனத்தில் வைத்து இவை வடிவமைக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சாலைப் பாலங்களை வடிவமைக்கப் பயன்படுத்திய மாதிரி லாரியின் எடை 72,000 பவுண்டு, அதாவது அந்நாட்டுக் கணக்கில் 36 டன். தானிய லாரி, அறுவடை எந்திரம், பள்ளிப் பேருந்து, தீயணைப்பு வண்டி ஆகியவை போக முடியாத பாலத்தால் ஊருக்கு என்ன பயன் என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழைய பாலங்களைக் காக்க விரும்பும் ஆர்வலர்கள் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யும்போதெல்லாம் ஊராரின் ஆதரவை இழக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் துரு. இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. பலகைத் தளத்தின் இடுக்குகள் வழியாக மண்ணும் இலைச்சருகும் குளிர்காலத்தில் பனியை உருக்கத் தூவிய உப்பும் இறங்கி, அடிச்சட்டத்தின் மூட்டுகளில் சேர்ந்து, மழை நின்று பல நாள் ஆன பிறகும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே பத்தடி உயரத்தில் இருக்கும் சட்டம் நூறாண்டு கழித்தும் கெட்டியாக இருக்க, கீழே முளையைச் சுற்றியுள்ள இரும்பு தாள் தாளாக உரியும். இரு தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், தகடுகளை ஆப்பு வைத்ததுபோல் பிளந்து, சில இடங்களில் ரிவெட்டின் தலையையே அறுத்துவிடுகிறது.

மூன்றாவது காரணம், ஒரு சட்டம் போனால் மற்றவை தாங்குமா என்ற கேள்வி. 1967 டிசம்பர் 15 அன்று ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்தனர். அது தொங்கு பாலம். ஆனால் வடக்கயிற்றுக்குப் பதிலாக, நாம் மேலே பார்த்ததைப் போன்ற துளைப்பட்டைகள் இரண்டிரண்டாகக் கோத்த சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரேயொரு பட்டையின் துளையோரத்தில் இருந்த மிகச் சிறிய விரிசல் வளர்ந்து பட்டை முறிந்ததும், பாலம் முழுவதும் ஆற்றில் விழுந்தது. அந்த விபத்தின் விளைவாகவே 1971இல் அமெரிக்கா முழுமைக்கும் பாலச் சோதனை விதிகள் வந்தன. இருபது அடிக்கு மேல் நீளமுள்ள பொதுச்சாலைப் பாலங்களைப் பொதுவாக இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். தாங்கும் திறனைக் கணக்கிட்டு எடை வரம்பை எழுதி வைக்க வேண்டும். மூன்று டன்னைக்கூடத் தாங்காது என்று தெரிந்தால் மூடிவிட வேண்டும். கிராமத்துப் பாலங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதன் பின்னணியில் இருப்பவை இந்த விதிகளே. சோதனை செய்ய வந்தவரைப் பாலத்தின் எதிரியாகப் பார்ப்பது தவறு. அவர் எழுதும் அறிக்கைதான் எந்தச் சட்டத்தை மாற்றினால் போதும் என்பதையும் சொல்கிறது.

எடை வரம்புப் பலகை மட்டும் போதாது என்பதற்கு இந்தியானாவின் பவோலி நகரில் நடந்ததைச் சொல்லலாம். 1880இல் கட்டிய அங்குள்ள இரும்புப் பாலத்துக்கு ஆறு டன் வரம்பு இருந்தது. 2015 கிறிஸ்துமஸ் அன்று தண்ணீர் பாட்டில்கள் ஏற்றிய, ஏறத்தாழ 30 டன் எடையுள்ள லாரி அதில் ஏற, பாலம் அப்படியே அமர்ந்துவிட்டது. ஆறு டன் என்பது எத்தனை பவுண்டு என்று தமக்குத் தெரியாது என ஓட்டுநர் சொன்னதாக அப்போது செய்தி வந்தது. மோதலும் இதே அளவு ஆபத்தானது. நியூ ஜெர்சியின் ஹாம்டனில் 1850களில் கட்டிய, அந்நாட்டின் மிகப் பழைய உலோக டிரஸ் பாலங்களுள் ஒன்று, 1978இல் ஒரு கார் மோதியதால் இடிந்து விழுந்தது. சாலையின் இரு ஓரங்களிலும் பாலத்தின் உயிர்ச்சட்டங்களே நிற்கும்போது, வண்டிகளை அந்தப் பக்கமே விடாமல் தடுப்பது பாலத்துக்குச் செய்யும் முதல் உதவி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தடுப்பு வைத்த நாளிலிருந்து வேறொரு ஆபத்து தொடங்குகிறது. வண்டி போகாத பாலத்துக்குச் சாலைத் துறை பணம் ஒதுக்காது. பெயின்ட் அடிப்பவர் இல்லை. மூட்டுகளில் சேரும் மண்ணை அள்ளுபவர் இல்லை. பலகைகள் மக்கி விழும். வெள்ளத்தில் மிதந்து வரும் மரங்கள் கரைத் தாங்கிகளில் சிக்கி அடிமண்ணை அரிக்கும். பழைய இரும்புக்கு விலை ஏறினால் திருடரும் வருவார்கள். பென்சில்வேனியாவின் நியூ காசில் அருகே 2011இல், ஐம்பதடி நீளமுள்ள சிறிய எஃகுப் பாலம் ஒன்றையே தீச்சுடர்க் கருவியால் அறுத்துப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். பாலங்களை அழிப்பது மூடல் உத்தரவு என்பதைவிட, உத்தரவுக்குப் பின் யாருடைய கணக்கிலும் வராமல் கழியும் அந்தப் பத்து, இருபது ஆண்டுகள் என்பதே சரி.

அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் அமெரிக்க அரசின் சட்டங்கள் உதவுகின்றன. 1966இல் இயற்றிய தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் எந்தப் பணியும் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டமைப்பைப் பாதிக்குமா என்பதை முன்கூட்டியே ஆராய வேண்டும். பாதிக்கும் என்றால் மாற்று வழிகளைப் பற்றி உரியவர்களைக் கலந்து பேச வேண்டும். அதே ஆண்டின் போக்குவரத்துத் துறைச் சட்டத்தின் 4(எஃப்) பிரிவு இன்னும் கண்டிப்பானது: நடைமுறைக்கு உகந்த வேறு வழி இல்லை என்று காட்டினால்தான் சாலைத் திட்டத்துக்காக அத்தகைய இடத்தில் கைவைக்கலாம். இந்த இரண்டும் இடிப்பதை முற்றாகத் தடைசெய்வதில்லை. யோசிக்காமல் இடிப்பதைத்தான் தடுக்கின்றன. வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் பாலம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1987இல் வந்த சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் பணத்தில் புதுப் பாலம் கட்டுவதற்காக வரலாற்றுப் பாலம் ஒன்றை இடிக்கப் போகிறவர்கள், அதை ஏற்றுப் பராமரிக்க முன்வருவோருக்கு முதலில் நன்கொடையாகக் கொடுக்க முன்வர வேண்டும். அதோடு, இடிப்பதற்கு எவ்வளவு செலவாகுமோ அந்த அளவுக்கான தொகையைப் பாதுகாப்புப் பணிக்கே திருப்பிவிடலாம். எப்படியும் செலவாகப் போகிற பணம் என்பதால் கவுன்டி நிர்வாகம் மறுக்க அதிகக் காரணம் இல்லை. இந்தியானா மாநிலம் 2006இல் இன்னொரு படி மேலே போய், தன் எல்லையில் உள்ள பழைய பாலங்களைக் கணக்கெடுத்து, கட்டாயம் காக்க வேண்டியவை, முயன்று பார்க்க வேண்டியவை என்று இரண்டாகப் பிரிக்கும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. எல்லாவற்றையும் காக்க முடியாது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. சிலருக்கு அது கசந்தாலும், ஒவ்வொரு பாலத்துக்கும் தனித்தனியாகச் சண்டையிட்டுக் களைப்பதைவிட அது மேல்.

காப்பாற்றும் வழிகளில் எளியது, பாலத்தை இருந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் புதுப் பாலம் கட்டிக்கொள்வது. டெக்ஸஸின் டென்டன் கவுன்டியில், ஹிக்கரி ஓடையின்மேல் கிங் கம்பெனி 1884இல் அமைத்த ஓல்ட் ஆல்டன் பாலம் இதற்கு உதாரணம். ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலம் என்பதால், வண்டி ஓடிய காலத்தில் எதிரே வருபவருக்குத் தெரிய ஹாரன் அடித்துவிட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. 1988இல் அது தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2001இல் அருகே கான்கிரீட் பாலம் வந்து சாலை நேராக்கப்பட்டதும், வண்டிப் போக்குவரத்து நின்று, நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் செல்லும் பாதையின் பகுதியாக அது மாறியது. ஆட்டுத் தலை மனிதன் உலவுவதாக ஒரு பேய்க் கதையும் அந்தப் பாலத்தைச் சுற்றி இருக்கிறது. இரவில் அதைத் தேடி வருபவர்கள் கூட்டத்தால், எந்த விளம்பரமும் இல்லாமலே பாலத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு மனிதர்களை விட்டால் பாரம் குறைந்துவிடும் என்று தோன்றும். ஆனால் நடைபாலங்களுக்கான அமெரிக்க வழிகாட்டு விதி, ஒவ்வொரு சதுர அடிக்கும் 90 பவுண்டு பாரத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. திருவிழாக் கூட்டம் போல் பாலம் நெடுக ஆட்கள் நெருங்கி நிற்கும் நிலை அது. நூறடி நீளமும் பதினைந்தடி அகலமும் உள்ள தளத்தில் இது 1,35,000 பவுண்டு ஆகிறது. மேலே சொன்ன 36 டன் மாதிரி லாரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு! அதனால்தான் பல பாலங்களில் நடக்கும் தளத்தை எட்டடியாகக் குறுக்கி, கைப்பிடியை உள்ளே தள்ளி அமைக்கிறார்கள். அப்போது கணக்கு 72,000 பவுண்டாக இறங்குகிறது. பழைய பாலத்தின் நடுவே ஒடுக்கமான பாதையைப் பார்ப்பவர்கள் அழகு கெட்டுவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்வதுண்டு, காரணம் இதுதான்.

இன்னொரு வழி, பழைய சட்டகத்தை வைத்துக்கொண்டே தளத்துக்கு அடியில் புது எஃகு உத்திரங்களைக் கரையிலிருந்து கரைக்குப் போட்டு, பாரம் முழுவதையும் அவற்றின்மேல் ஏற்றிவிடுவது. வண்டிகள் மறுபடி ஓடும். பாலம் பார்வைக்கு மாறாது. ஆனால் டிரஸ் தன் சொந்த எடையைத் தவிர வேறெதையும் தாங்காது. என்னைக் கேட்டால், குறைந்த பாரத்தையேனும் அந்தச் சட்டகமே தாங்கும்படி விடுவதுதான் மேலான பாதுகாப்பு. வேறு வழியே இல்லாத ஊரில், இடித்து விற்பதைவிட இது பரவாயில்லை.

மூன்றாவது வழி, பிரித்து வேறிடத்தில் பூட்டுவது. மிச்சிகன் மாநிலத்தின் கால்ஹூன் கவுன்டி இதற்கென்றே ஒரு பூங்காவை வைத்திருக்கிறது. பேட்டில் கிரீக் நகருக்கு அருகே, அந்த மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 19ஆம் நூற்றாண்டுப் பாலங்கள் அங்கே நடைபாதைகளாகப் பயன்படுகின்றன. அவற்றுள் பெரியது, அயோனியா கவுன்டியில் கிராண்ட் ஆற்றின்மேல் 1886இல் கட்டிய ஷார்லட் ஹைவே பாலம். அங்கே போகிறவர் வெவ்வேறு வகைச் சட்டகங்களை ஒரே நடையில் பார்த்துவிடலாம். அவை எந்த ஆற்றுக்காக, எந்த ஊருக்காகக் கட்டப்பட்டனவோ அந்த இடம் போய்விட்டது என்பது உண்மையான இழப்பு. எனினும் முன்பே சொன்னபடி, இடம் பெயர்வது இந்தப் பாலங்களுக்குப் புதியதன்று.

பிரிக்கும் வேலை பொறுமை கேட்பது. முதலில் எல்லாப் பாகங்களுக்கும் எண்ணிட்டு, வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள். கிரேன் வைத்துப் பாலத்தை மொத்தமாகத் தூக்கிக் கரையில் வைத்த பிறகே முளைகளைத் தட்டி எடுக்கிறார்கள். பழைய பெயின்ட்டில் பெரும்பாலும் ஈயம் இருக்கும் என்பதால், அது மண்ணிலோ ஆற்றிலோ விழாதபடி மூடிய இடத்தில் அகற்ற வேண்டும். பல திட்டங்களில் செலவு கூடுவது இந்த இடத்தில்தான். வளைந்த சட்டத்தை வெட்டி எறிவதில்லை. சூடேற்றி மெல்ல நிமிர்த்துகிறார்கள். தகடுகளின் நடுவே இறுகிய துருவையும் அவ்வாறே சூடாக்கித் தட்டினால் அது உதிர்ந்து, பிளந்த தகடுகள் மறுபடி ஒன்றாக அமர்கின்றன. முற்றிலும் தின்னப்பட்ட பட்டைக்கு மட்டும் புதிதாகச் செய்து போடுகிறார்கள்.

ரிவெட்டையும் பழைய முறையிலேயே அடிக்கிறார்கள். ஆரஞ்சு நிறமாகும் வரை உலையில் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகி, ஒருவர் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, மற்றவர் காற்றுச் சுத்தியலால் மறுபக்கத்தை அடித்துத் தலையாக்குவார். அது குளிரும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கைத்திறன் ஏறக்குறைய அழிந்திருந்தது. மிச்சிகனின் லான்சிங் கம்யூனிட்டி காலேஜில் வெல்டிங் கற்பித்த ஆசிரியர் ஒருவர் பழைய பாலங்களைச் சீரமைக்கும் பணியில் இதை மீட்டெடுத்து, மற்றவர்களுக்கும் பயிற்சி அளித்தார். ரிவெட்டுக்குப் பதிலாகப் போல்ட் போட்டாலும் பாலம் நிற்கும். ஆனால் 1890 வாக்கில் கட்டிய சட்டத்தில் அறுகோணத் தலைகள் வரிசையாகத் துருத்திக்கொண்டு நின்றால், பாகம் மாற்றப்பட்டது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

ஸோர்வில் பாலத்தின் மீதிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1905இல் ஓடையின்மேல் பூட்டப்பட்ட அந்தக் கண், 1940களில் சாலை வேறு வழியாகப் போனதும் கைவிடப்பட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காட்டுக்குள் நின்றது. ஃபிங்க் என்ற பொறியாளரின் முறைப்படி அமைந்த, வண்டி உள்ளே புகுந்து செல்லும் வகைப் பாலங்களில், ஹாம்டன் பாலம் கார் மோதி விழுந்த பிறகு அமெரிக்காவில் மிஞ்சியிருப்பது இது ஒன்றே. பக்கத்திலிருந்த சாரணர் முகாமைப் பராமரிக்கும் அறக்கட்டளை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, 2000களில் பாகம் பாகமாகச் சீரமைத்து, அதே ஓடையின்மேல் திரும்பவும் நிறுத்தியது.

சீரமைத்த பிறகும் உடைமையாளருக்கு வேலை இருக்கிறது. விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்; கவுன்டி நிர்வாகங்கள் பாலத்தைக் கொடுக்கவும் அமைப்புகள் வாங்கவும் தயங்குவதற்கு இது முக்கியக் காரணம். மற்றபடி ஆண்டுப் பராமரிப்பு அவ்வளவு கடினமானதன்று. வெள்ளம் வடிந்ததும் கரைத் தாங்கியில் சிக்கிய மரங்களை அகற்ற வேண்டும்; தளர்ந்த பலகைகளை மாற்ற வேண்டும்; பனிக்காலம் கழிந்ததும் குழாய் பிடித்து அடிச்சட்டத்தின் மூட்டுகளில் தேங்கிய மண்ணைக் கழுவிவிட வேண்டும். வண்டி ஓடிய காலத்தில் அந்தக் கடைசி வேலையை யாரேனும் ஒழுங்காகச் செய்திருந்தால், இவற்றில் பல பாலங்களை மூட வேண்டியே வந்திருக்காது.